பண்பாட்டுணர்வும் வர்க்க உணர்வும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் உயிர்மாய்ப்புத் தடுப்புப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

சுகாதாரத் துறையிலும் சமூக சேவைத் துறையிலும் பணிபுரிவோருக்கு நடத்தப்பெறும் உயிர்மாய்ப்புத் தடுப்புப் பயிற்சிகளில் இன்று பெரிதும் வற்புறுத்தப்படுவது ‘பண்பாட்டுணர்வுடைய அணுகுமுறை’ ஆகும். இத்தொடர் எதனைச் சுட்டுகின்றது, எதனைச் சுட்டாது விடுகின்றது என்பதனை மட்டக்களப்பு வாவியை அண்டிய பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உளமருத்துவம் இக்கட்டுரையாளரின் துறையன்று. ஆயினும் பயிற்சி என்பது சொற்களால் நடைபெறுவது. வினா, விடை, வழக்கு, மௌனம் ஆகியவற்றைக் கையாள்வது. எனவே இலக்கிய ஆய்வாளரும் அதுபற்றிச் சில கூறுதல் பொருத்தமேயாகும்.

வாதத்தை முதலிலேயே கூறிவிடலாம். பண்பாடு துன்புறுபவரிடத்தில் மாத்திரம் இருப்பதொன்றன்று; அத்துன்பத்தைக் கேட்க வருபவரிடத்திலும் அது உண்டு. அதற்கு வர்க்கமும் பாலும் சாதியும் உண்டு. இதனைக் காணத் தவறும் பண்பாட்டுணர்வு வெறும் உபசாரமாகவே முடியும். மறுபுறம், வர்க்க ஒடுக்குமுறையைச் சுட்டிவிட்டால் போதும் என்று கருதி, இன்றிரவு தனித்திருக்கும் ஒரு மனிதரை எவ்வாறு அணுகுவது என்ற வினாவைப் புறக்கணிக்கும் முற்போக்குவாதமும் குறையுடையதே.

1. சொல்லும் தீர்ப்பும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் பிரதேசச் செய்திகளை வாசிப்போருக்கு ‘தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்’ என்ற வாய்பாடு நன்கு பழக்கமானது. தற்கொலை என்ற சொல்லைத் தவிர்க்கும் நாகரிகம் இதிலே உண்டு. ஆனால் அந்த நாகரிகத்தினுள்ளே ஒரு தீர்ப்பும் அடங்கியுள்ளது. நிகழ்ந்தது ஒரு ‘முடிவு’, அம்முடிவு ‘தவறு’, தவறிழைத்தவர் இறந்தவர். கடன், வீட்டு வன்முறை, வேலையின்மை, போர் தந்த இழப்பு, உள நோய், மது என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காரணிகள் யாவும் இந்த வாக்கியத்தின் எழுவாயினுள்ளே மறைந்துவிடுகின்றன. அடுத்த வரியிலே ‘குடும்பத் தகராறு’, ‘காதல் தோல்வி’ எனக் காரணம் கூறப்படும். உயிர்மாய்ப்பு ஒற்றைக் காரணத்தால் நிகழ்வதன்று. அதற்கு ஒற்றைக் காரணம் கற்பித்தல், முறையை விவரித்தல், இறந்தவரைத் துயரநாயகராக்குதல் ஆகியவை வாசிப்போரில் நலிந்த நிலையிலிருப்போரைப் பாதிக்கும் என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து ஊடகத்தாருக்கென வெளியிட்டுவரும் கைந்நூல்களில் வற்புறுத்தப்பட்டுள்ளது.

மொழியின் மற்றொரு முனையையும் நோக்குதல் வேண்டும். ஆயுதப் போராட்ட காலத்தில் ‘தற்கொடை’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. தற்கொலைக்கும் தற்கொடைக்கும் இடையே வேறுபடுவது ஓர் எழுத்தே. ஆனால் ஒன்றுக்கு விளக்கேற்றப்பட்டது. மற்றது வாய்க்குள்ளே முணுமுணுக்கப்பட்டது. மானத்துக்காக உயிர்விடுதலையும் வடக்கிருத்தலையும் கணவன் இறக்கத் தானும் இறத்தலையும் விழுமியங்களாகப் போற்றிய நெடிய இலக்கிய மரபொன்று நமக்குண்டு. அவை எந்தச் சமுதாய அமைப்பின் விழுமியங்கள், யாருடைய நலனுக்கு உதவின என்ற வினாவை எழுப்பாது அவற்றை வகுப்பறைகளிலே பாராட்டிக்கொண்டிருப்பவர்களும் நாமே. முற்போக்குச் சிறுகதை கூட இதற்கு முற்றிலும் விலக்கன்று. ஏழைப் பெண்ணின் சாவைச் சமுதாயத்தின் மீதான குற்றச்சாட்டாக இறுதி வரியில் வைத்து முடிப்பது கதாசிரியருக்கு வசதியான உத்தியாக இருந்துவந்துள்ளது. அவள் உயிரோடிருந்து வழக்காடுவதை எழுதுவது கடினமானது. ஆனால் அதுவே கூடுதல் யதார்த்தமானது.

பயிற்சி பெறும் தாதி, குடும்பநல உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், ஆசிரியர், பொலிஸ் உத்தியோகத்தர் ஆகியோர் இந்தச் சொற்களினுள்ளே வளர்ந்தவர்கள். ‘உமக்கு என்ன குறை?’, ‘பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீரா?’ என்று அவர்கள் கேட்பது கொடுமையினாலன்று; ‘தவறான முடிவு’ என்ற கருத்துநிலையே அவர்கள் வாயிலாகப் பேசுகின்றது.

2. ‘யோசனை’ என்ற சொல்

கைந்நூல்கள் ‘மனச்சோர்வு’, ‘நம்பிக்கையிழப்பு’ என்பனவற்றைத் தேடுமாறு கூறுகின்றன. வாவிக்கரைப் பெண்ணொருத்தியிடம் இச்சொற்களைக் கூறினால் அவள் இல்லையென்றே தலையசைக்கக்கூடும். அவளது சொல் ‘யோசினை’. தமிழகத்துத் தமிழில் யோசனை என்பது சிந்தனை. ஈழத்துப் பேச்சுவழக்கில் அது ஓயாது அரிக்கும் கவலையையும் குறிக்கும். ‘ஒண்டுமில்ல கா, ஒரே யோசினதான்’ என்ற வாக்கியத்தில் முதற்பகுதி மரியாதைக்காகக் கூறப்படுவது. செய்தி பிற்பகுதியில் உள்ளது. முதற்பகுதியை மாத்திரம் படிவத்தில் குறித்துக்கொள்பவர் செய்தியைத் தவறவிட்டவராவார். பெருமூச்சு, நெஞ்சிலே பாரம், தலையிடி, உடல் உளைவு என்பனவும் துன்பத்தின் மொழிகளே. தமிழரிடையே துன்பம் உடல்வழியாக வெளிப்படும் பாங்கினை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது எழுத்துக்களில் எடுத்துக்காட்டியுள்ளார். துன்பத்தைத் தனிநபரின் உள்ளத்துக்குள்ளே மாத்திரம் தேடாது குடும்பம், சமூகம் என்ற கூட்டு நிலையிலும் காணவேண்டும் என்ற அவரது ‘கூட்டு வடு’ பற்றிய கருத்தும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இன்னொரு வழக்கும் உண்டு: ‘நான் செத்தாத்தான் உங்களுக்குத் தெரியும்.’ இது ஓர் உறவினுள்ளே நின்று மற்றவரை நோக்கிக் கூறப்படும் கூற்று. வேறு வழியில் தன் குரலைக் கேட்கச்செய்ய முடியாதவரின் முறைப்பாடு அது. இலங்கையில் ஆய்வு செய்த ஜீன் மரெசெக், டொம் விட்ஜர் ஆகியோர் தமக்குத் தாமே ஊறு செய்துகொள்ளும் செயல்கள் பல, நெடுநாள் மனச்சோர்வின் முடிவாக அன்றி, நெருங்கிய உறவுகளில் எழும் அவமானத்துக்கும் அநீதிக்கும் எதிரான கண்டனமாக நிகழ்வதைக் காட்டியுள்ளனர். அவர்களது சான்றுகள் சிங்களச் சமூகத்தைச் சார்ந்தவை. அவற்றை அப்படியே கிழக்குக்குப் பொருத்துதல் தகாது. ஆயினும் ‘நோயா, இல்லையா’ என்ற ஒற்றை அளவுகோல் போதாது என்ற அவர்களது முடிவு நமக்கும் பயன்படும்.

அத்தகைய கூற்றை ‘வெறும் மிரட்டல்’ என்று தள்ளுவதே சேவையாளரிடையே காணப்படும் மிக ஆபத்தான பண்பாட்டுப் பழக்கம் எனலாம். கண்டனமாகத் தொடங்குவதும் உயிரைப் பறிக்கவல்லது.

3. மார்க்ஸ் காட்டும் வழி

1846ஆம் ஆண்டு, இருபத்தேழு வயதினராக இருந்த கார்ல் மார்க்ஸ், பிரெஞ்சுப் பொலிஸ் ஆவணக் காப்பாளர் ஜாக் ப்யூஷேயின் நினைவுக் குறிப்புகளிலிருந்து உயிர்மாய்ப்புப் பற்றிய பகுதிகளைத் தெரிந்து, மொழிபெயர்த்து, தமது கருத்துக்களையும் இடையிட்டு ஜேர்மன் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். மார்க்சியரிடையே கூட அதிகம் பேசப்படாத சிறு கட்டுரை அது. அதிலே வரும் நான்கு சம்பவங்களுள் மூன்று பெண்களைப் பற்றியன. பெற்றோரால் ஊரறிய அவமதிக்கப்பட்ட மணப்பெண், பொறாமை கொண்ட கணவனால் வீட்டினுள்ளே அடைத்துவைக்கப்பட்ட மனைவி, உறவினன் ஒருவனால் கருவுற்று உதவி மறுக்கப்பட்ட இளம்பெண் ஆகியோர் அவர்கள். நான்காமவர் வேலையிழந்து குடும்பத்துக்குச் சுமையாக இருக்க விரும்பாத ஆண்.

ஆலையை விட்டு வீட்டினுள்ளும் நுழைந்து, சொத்துறவின் கொடுமையைக் குடும்பத்தினுள்ளே மார்க்ஸ் கண்டார் என்பதே இக்கட்டுரையின் சிறப்பு. எமில் டுர்கைம் 1897இல் உயிர்மாய்ப்பைச் சமூக உண்மையாக நிறுவுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, தனிநபரின் சாவினூடாக ஒரு சமுதாயத்தை விமரிசிக்கலாம் என்பது இங்கு காட்டப்பட்டுவிட்டது. பொருளாதாரம் முதலில், பெண்ணின் துயரம் பின்னர் என்று வரிசைப்படுத்தும் இயந்திரவியல் மார்க்சியத்துக்கு மார்க்சே தரும் மறுப்பாகவும் இதனைக் கொள்ளலாம்.

4. இரு கரைகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் குறிக்கும் இப்பெயர்கள் சமுதாய வேறுபாடொன்றையும் குறிக்கின்றன. நகரமும் போதனா வைத்தியசாலையும் பெரிய பாடசாலைகளும் பெரும்பாலான அலுவலகங்களும் எழுவான்கரையில் உள்ளன. நெல்வயலும் மேய்ச்சல் நிலமும் கூலி உழைப்பும் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அத்துறையிலே படகுப் பாதையையே நம்பியிருந்தனர். பாலம் தூரத்தைக் குறைத்தது. பேச்சிலும் தோற்றத்திலும் தாழ்ந்தவராக நோக்கப்படும் அனுபவத்தை அது குறைத்துவிடவில்லை. பயிற்சி பெறுவோர் பெரும்பாலும் எழுவான்கரையின் படித்த நடுத்தர வர்க்கத்தவர். துன்புறுவோர் இரு கரையிலும் உள்ளனர். ஆனால் மேசையின் மறுபுறத்திலே கூனிக்குறுகி அமர்பவர் யார் என்பது நாமறிந்ததே.

இப்பிரதேசத்தின் அண்மைக்கால வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணப்படல் வேண்டும். 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த படுகொலைகள், 1990இல் தமிழ்க் கிராமங்களிலும் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களுக்கும் நேர்ந்த படுகொலைகள், அதே ஆண்டில் காணாமலாக்கப்பட்டோர், 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் கடற்கோள், 2006–2007 இடப்பெயர்வு எனத் துயரம் துயரத்தின் மேல் அடுக்கப்பட்டது. கடற்கோளின் பின்னர் வெளியிலிருந்து வந்த உளவளத்துணைக் குழுக்கள் பல. மக்களின் மொழியறியாது வந்து சென்றவையும் அவற்றுள் இருந்தன. அதே வேளையில், மட்டக்களப்பில் உளநல சேவையை அடியிலிருந்து கட்டியெழுப்பிய மருத்துவர் மகேசன் கணேசனின் பணியும், உதவிகளை ஒருங்கிணைக்க இயங்கிய ‘மங்குரோவ்’ வலையமைப்பும், சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் நீடித்த செயற்பாடும் உள்ளூரில் வேரூன்றிய சேவை சாத்தியமே என்பதற்குச் சான்றுகளாகும்.

போரின் பின்னர் வந்தது கடன். கிழக்கிலங்கையின் தாய்வழிக் குடி முறையில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகன் அவ்வீட்டுக்கு வருவது. பெண்ணுக்கு வீட்டுரிமை உண்டு என்ற வகையில் இம்மரபு வலிமை தருவதே. ஆனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டவேண்டும் என்ற கடப்பாடு, உழைப்புச் சந்தையும் கடன் சந்தையும் நுழைந்த சமுதாயத்தில் தாயை மத்திய கிழக்குக்கும் நுண்கடன் குழுவுக்கும் அனுப்புகின்றது. ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டிய ஏற்பாட்டில், அயலவளின் அன்பே வசூலிப்பவனின் கருவியாகின்றது. ஒப்பாரிக்கு வந்து தோள் கொடுத்தவள் தவணை நாளிலே வாசலில் வந்து நிற்கிறாள். நுண்நிதிச் சட்டம் 2016இல் வந்தது. 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்குச் சிறு கடன் நிவாரணம் அறிவித்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். நுண்கடனும் உயிர்மாய்ப்பும் இணைத்துப் பேசப்பட்ட காலம் இது.

பயிற்சிப் பட்டறையொன்றில் இக்கட்டுரையாளர் மொழிபெயர்ப்பில் உதவியபோது, படுவான்கரையில் பணிபுரியும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் எழுந்து கேட்டார்: ‘கடன்காரன் வெள்ளிக்கிழமை வருவான். எனக்கு அந்தப் பக்கம் போற நாள் திங்கள். இந்தப் படிவத்தில எந்தக் கேள்வியை நான் கேக்கிற?’ வளவாளர் புன்னகைத்து, அது ‘சமூகக் காரணிகள்’ என்ற அடுத்த அமர்வில் வரும் என்றார். அடுத்த அமர்வு பாதணி கழற்றுதல், வணக்கம் கூறுதல், மத நம்பிக்கைகளை மதித்தல் என்பன பற்றியதாக இருந்தது. பண்பாடு என்ற சொல் எதனை மறைக்கப் பயன்படலாம் என்பது இக்கட்டுரையாளருக்கு அன்று தெளிவாயிற்று.

5. வழக்குரையும் குளிர்த்தியும்

அவ்வாறாயின் பண்பாட்டைக் கைவிடுவதா? அன்று. பண்பாட்டினுள்ளேயே போராட்டம் உண்டு.

வைகாசி மாதத்தில் செட்டிபாளையம், தம்பிலுவில் முதலாய ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களிலே கண்ணகி வழக்குரை பாடப்பெறும். வி. சீ. கந்தையா போன்ற அறிஞர்கள் பதிப்பித்தும் ஆராய்ந்தும் நமக்களித்த இலக்கியம் அது. சடங்கு குளிர்த்தியுடன் நிறைவுறும். இதன் ஒழுங்குமுறை கவனிக்கத்தக்கது. முதலில் வழக்கு, பின்னரே குளிர்த்தி. அநீதி இழைக்கப்பட்ட பெண் அரசவையிலே நின்று உரைத்தாள், அதனை ஊர் முழுவதும் இருந்து கேட்கின்றது, அதன் பின்னரே வெம்மை தணிக்கப்படுகின்றது. நமது உளவளத்துணையிற் பெரும்பகுதி வழக்கைக் கேளாது குளிர்த்தியைச் செய்ய முயல்கின்றது. ‘அமைதியாக இரும், மூச்சை இழுத்து விடும், எல்லாம் சரியாகும்’ என்பது வழக்குரையற்ற குளிர்த்தியே.

போர்க்காலத்தில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களிலே வாக்குச் சொல்வோரிடம் காணாமற்போனோரின் தாய்மார் சென்றதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்துள்ளார். அரச அலுவலகமும் ஆயுதம் தாங்கியோரும் வாய்திறக்க விடாத காலத்தில், ஒரு தாய் தன் மகனின் பெயரைப் பலர் முன்னிலையில் உரக்கச் சொல்லக்கூடிய களமாகக் கோயில் இருந்தது. அங்கு பெற்ற வாக்கின் உண்மை பொய்யைவிட, கேட்கப்பட்டாள் என்ற செய்தியே முக்கியமானது.

எனினும் மரபை இலட்சியமயப்படுத்தல் ஆகாது. கோயிலுக்குச் சாதி உண்டு. கண்ணகியின் கற்பே அடிபடும் மனைவியைப் ‘பொறுத்துப் போ’ எனக் கூறவும் பயன்படுகின்றது. சிகிச்சை வேண்டிய நோயாளர் பேய், செய்வினை எனக் காலங்கடத்தப்படுவதும் உண்டு. அத்துடன் இவ்வாவியின் பண்பாடு இந்துப் பண்பாடு மாத்திரமன்று. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்கு மார்க்கத் தடை வலிமையான காப்பாகவும் அமையலாம், நிகழ்ந்ததை மறைத்து உதவி நாடாதிருக்கச் செய்யும் வெட்கமாகவும் அமையலாம். கிறித்தவருக்கும் இது பொருந்தும். எது காக்கின்றது, எது ஒடுக்குகின்றது எனப் பகுத்துக் காணுவதே விமரிசன நோக்கிலான பண்பாட்டுணர்வு.

6. உயிர் காத்தவை எவை?

1995இல் இலங்கையின் உயிர்மாய்ப்பு வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவை எட்டி, உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அடுத்த பத்தாண்டில் அது ஏறத்தாழ அரைவாசியாகி, பின்னரும் குறைந்தது. மிக நச்சுத்தன்மை வாய்ந்த விவசாய இரசாயனங்களை 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும் பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்தமையே இதற்குப் பெருங்காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். நெல் விளைச்சல் இதனாற் குன்றவில்லை. நெருக்கடிக் கணத்தைக் கடந்தவர்களிற் பெரும்பாலானோர் வாழவே செய்கின்றனர் என்பதை இவ்வனுபவம் உறுதிப்படுத்துகின்றது. ‘விதி’, ‘சாக நினைத்தவரைத் தடுக்க முடியாது’ என்ற வாதங்கள் இதன் முன் நில்லா.

ஆனால் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் தொகை அவ்வாறு குறையவில்லை. உயிர் காக்கப்பட்டது, துன்பம் எஞ்சியது. ஆகவே இன்று பயிற்சியின் முதற்களம் வைத்தியசாலை விடுதியாகும். உயிர்மாய்க்க முயலுதல் 1998 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. சட்டம் போயிற்று, குற்றவாளியை நோக்கும் பார்வை போகவில்லை. கண்விழித்தவர் கேட்கும் முதற்சொல் ஏளனமா, ஆறுதலா என்பதிலே அவர் மறுபடி உதவி நாடுவாரா என்பது பெரிதும் தங்கியுள்ளது.

எனவே பயிற்சியின் உள்ளடக்கம் பற்றிச் சில கூறலாம். முதலாவது, பயிற்சி பயிற்சியாளரின் சொந்தச் சொற்களிலிருந்து தொடங்கவேண்டும். ‘தவறான முடிவு’, ‘மிரட்டல்’, ‘நாடகம்’ என அவர்கள் நாளாந்தம் கூறுவதை அவர்களே பட்டியலிட்டு ஆராய்தல் நன்று. இரண்டாவது, உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று நேராகவும் கனிவாகவும் கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. பேச வழி கிடைக்கின்றது. அக்கேள்வியை எழுவான்கரையின் அலுவலகத் தமிழில் அன்றி, அவ்வூரின் பேச்சிலேயே கேட்கப் பழகவேண்டும். மூன்றாவது, கேட்டபின் தனியே விட்டுச் செல்லாது, நம்பிக்கையான ஒருவரைத் துணை வைத்து, ஆபத்தானவற்றை அப்புறப்படுத்தி, உளநலப் பிரிவோடு தொடர்புபடுத்தி, மீண்டும் சென்று பார்த்தல் வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. நான்காவது, கடன் இணக்கம், வன்முறைக்கெதிரான சட்ட உதவி, தொழில் ஆகியன ‘அடுத்த அமர்வு’க்குரியன அல்ல, அவையும் தடுப்பின் பகுதிகளே. திங்கட்கிழமைப் பயணத்தை வியாழனுக்கு மாற்ற அவ்வுத்தியோகத்தருக்கு அதிகாரம் வேண்டும். ஐந்தாவது, துயரைக் கேட்டுக் கேட்டுக் களைக்கும் சேவையாளரும் உழைப்பாளியே. அவரது வேலைப்பளுவும் ஊதியமும் ஓய்வும் பயிற்சியின் தரத்தை நிர்ணயிக்கின்றன.

இவையெல்லாம் சீர்திருத்தங்கள்தாமே, அமைப்பை மாற்றாமல் என்ன பயன் என்று தோழர் சிலர் கேட்கலாம். அமைப்பு மாறவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அமைப்பை மாற்றுவோர் உயிரோடுள்ள மனிதரே. ஹிங்குராக்கொடையில் சத்தியாக்கிரகம் இருந்த பெண்கள் தம் ‘யோசினை’யைத் தனித்தனியே வீட்டுக்குள் சுமந்த நிலையிலிருந்து அதனைப் பொது வழக்காக மாற்றியவர்கள். தனித்துயரம் கூட்டு வழக்காக மாறும் அந்த இடைவெளியிலேயே உயிர்கள் இழக்கப்படுகின்றன. அவ்விடைவெளியில் நின்று ஒருவரை மறுநாள் வரை உடனிருந்து கொண்டுசெல்லுதல் அரசியலுக்குப் புறம்பான செயலன்று.

வழக்கைக் கேட்டபின்னரே குளிர்த்தி என்பது வாவிக்கரை மக்கள் நெடுங்காலமாக அறிந்த ஒழுங்கு. பயிற்சியாளர் அவர்களிடமிருந்து முதலில் கற்கவேண்டியது இதனையே.